கம்பி ஒரே அளவு, நிலம் மட்டும் பாதியா?

குடவாசல் விவசாயி:
அப்பா விட்டுப்போனதில் முக்கோணமாக இரண்டு துண்டு உண்டு. வாய்க்கால் திரும்பும் இடத்தில் உள்ளதன் வரப்புகள் 130, 140, 150 அடி. சாலையோரத் துண்டு 70, 150, 200 அடி. ஆடு இறங்காமல் இருக்க வேலி போட்டபோது இரண்டுக்கும் 420 அடிக் கம்பிதான் ஆனது. அப்படியென்றால் நிலமும் சமம் என்று நம்பி, தம்பியும் நானும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். தையில் உளுந்து தெளித்தபோது என் துண்டுக்கு இரண்டு கிலோ விதை போனது. அவன் துண்டுக்கு ஒரு கிலோவே போதுமாக இருந்தது. தம்பிக்குக் குறைந்துவிட்டதோ என்று மனசு கேட்கவில்லை. கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம் கணக்கு டீச்சர்:
விதை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சுற்றளவில் பாதி 210. அதிலிருந்து ஒவ்வொரு வரப்பையும் கழித்தால் உங்களுடையதில் 80, 70, 60 வரும். இந்த நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 8,400 சதுர அடி, அதாவது குழிக்கு 144 சதுர அடி என்று சுமார் 58 குழி. தம்பியுடையதில் 140, 60, 10 வரும், பரப்பு 4,200தான்.

ஏன் என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. மூன்று வரப்பையும் தொடுகிற மாதிரி வயலுக்குள் ஒரு வட்டக் களம் போடுவதாக நினையுங்கள். அதன் நடுவிலிருந்து மூன்று மூலைக்கும் கயிறு கட்டினால் மூன்று சின்ன முக்கோணம். ஒவ்வொன்றுக்கும் வரப்புதான் அடிப்பக்கம், வட்டத்தின் ஆரம்தான் உயரம். ஆக, மொத்தப் பரப்பு என்பது பாதிச் சுற்றளவு பெருக்கல் அந்த ஆரம். உங்கள் வயலில் 40 அடி ஆரத்துக்குக் களம் போடலாம். தம்பி வயலில் 20 அடிக்கு மேல் இடமில்லை. 70ம் 150ம் சேர்ந்தாலே 220தானே, எதிரே 200 இருக்கிறது. அதனால்தான் வயல் அப்படித் தட்டையாகக் கிடக்கிறது.

420 அடியில் மூன்று பக்கமும் 140 ஆக இருந்தால் சுமார் 8,487 வரும். முக்கோணத்தில் அதற்கு மேல் போகாது. அதே கம்பியைச் சதுரமாகக் கட்டினால் 11,025, வட்டமாக வளைத்தால் 14,000க்குக் கொஞ்சம் மேல்.

சங்கிலி பிடித்தவன்:
அண்ணே, நாலு பக்க வயலுக்கு எதிரெதிர் வரப்பைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவார்கள். செவ்வகம் தவிர மற்ற வயலுக்கெல்லாம் அது கூடுதலாகவே காட்டும். குறுக்கே ஓர் அளவு எடுத்து இரண்டு முக்கோணமாக்கிக் கணக்குப் போடுங்கள். புலப்படத்தில், அதாவது சர்வே அளவு வரைபடத்தில், உள்ளே ஓடும் கோடுகளும் அதற்குத்தான்.

குடவாசல் விவசாயி:
நன்றி டீச்சர். மண் இரண்டும் ஒன்றுதான். சமமாக்க என்னுடையதில் எவ்வளவு விடவேண்டும்?

கும்பகோணம் கணக்கு டீச்சர்:
இரண்டும் சேர்ந்து 12,600, ஆளுக்கு 6,300. நீங்கள் 2,100 விடவேண்டும், உங்கள் துண்டில் கால் பங்கு. 140 அடி வரப்பில் ஒரு முனையிலிருந்து 35 அடி அளந்து, அங்கிருந்து எதிர் மூலைக்கு நேராகக் கயிறு பிடியுங்கள். உயரம் மாறாததால் அடிப்பக்கத்தில் கால் என்றால் பரப்பிலும் கால்தான்.

குடவாசல் விவசாயி:
சரி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் கல் நட்டுவிடுகிறேன். எந்த முனையிலிருந்து அளப்பது என்பதை அவனே சொல்லட்டும்.