யூபிஐ வரவைப் பார்த்து வந்த ஜிஎஸ்டி நோட்டீஸ்: பதில் எழுதும் முன்

கணக்குப்பிள்ளை:
2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை பெங்களூரு பேக்கரி, பெட்டிக்கடைகளுக்கு அனுப்பிய நோட்டீஸ்களுக்கு அடிப்படை, 2021-22 முதல் 2024-25 வரையிலான யூபிஐ வரவு. வரவெல்லாம் விற்பனை ஆகாது. வங்கி ஸ்டேட்மெண்ட்டை வருட வாரியாக எக்செல்லில் இறக்கி, கைமாற்று, சீட்டுப் பணம், வீட்டார் அனுப்பியது, சொந்தக் கணக்கிலிருந்து மாற்றியது என ஒவ்வொன்றின் எதிரிலும் குறியுங்கள். கழித்தது போக மிச்சம்தான் விற்பனை. சீட்டுப் பணத்துக்குச் சீட்டுப் புத்தக நகலை இணையுங்கள், வாய்வார்த்தை எடுபடாது.

மளிகை மொத்தம்:
அதையும் பிரிக்கணும் அண்ணே. பால், காய்கறி, பிரெட்டுக்கு வரி இல்ல. பாக்கெட் தயிருக்கு 2022 ஜூலை 18 முதல் 5%. அதே தேதியிலிருந்து லேபிள் ஒட்டின 25 கிலோ வரைக்குமான அரிசி மூட்டைக்கும் 5%. மூட்டையைப் பிரிச்சு எடை போட்டு வித்தா வரி கிடையாது. "பால் கடைதான் சார்"னு ஒத்தை வரியில பதில் கொடுத்தா, சிகரெட் கொள்முதல் பில் ஒண்ணே போதும், மாட்டிக்குவீங்க.

கணக்குப்பிள்ளை:
இடிக்கிற இடமே அதுதான். வரியில்லாப் பொருள் மட்டும் விற்றால் எத்தனை கோடி ஓடினாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கூடவே பிஸ்கட், சிகரெட் வைத்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பதிவுக்கான வருட விற்பனை வரம்பு, 40 லட்ச ரூபாய். பால் 36 லட்சம், மற்றது 5 லட்சம் என்றால் பதிவு கட்டாயம். ஆனால் முதன்முறை வரம்பு தாண்டும் வருடத்தில், தாண்டிய பிறகு விற்ற பிஸ்கட், சிகரெட்டுக்குத்தான் வரி. நோட்டீஸில் முழு வருடத்துக்கும் வரி கணக்குப் போட்டிருந்தால், தாண்டிய தேதியைக் காட்டி எழுதுங்கள். விற்றுமுதலில் 1% மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டம் பழைய வருடங்களுக்குக் கிடைக்காது, முழு விகிதம்தான். பதிவில்லாத காலத்துக் கொள்முதலுக்கு இன்புட் கிரெடிட்டும் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) போச்சு, வலிப்பது அதுதான்.

டீக்கடை பெஞ்ச்:
பேக்கரியிலேயே டீ போட்டுக் கொடுத்தா அது சேவை. வரம்பு 20 லட்சம்தான் சார். நிறைய பேர் 40ன்னு நினைச்சுட்டு இருக்காங்க.

மளிகை மொத்தம்:
"யூபிஐ இல்லை, காசு மட்டும்"னு அட்டை தொங்கவிட்டு என்ன லாபம்? கல்லாவில விழுற காசும் அதே வரம்புக்குள்ளதான் வருது. கொள்முதல் பில் பேசிடும்.

கணக்குப்பிள்ளை:
இனிமேலுக்கு, விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் காம்போசிஷன் எடுக்கலாம். காலாண்டு முடிந்த மறுமாதம் 18-க்குள் சிஎம்பி-08 படிவத்தில் வரி கட்ட வேண்டும். பில்லில் வாடிக்கையாளரிடம் வரி தனியாகப் போடக் கூடாது, வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவும் கூடாது.