ரெஃபரன்ஸ் கேள்வி கேட்க இப்போது யாராவது நூலகத்துக்கு வருகிறார்களா?

வடகரை_மாணவி

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம், நூலக அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. வாசகர் கேட்பதற்கு நூலகர் தேடி விடை கொடுக்கும் வேலை இருக்கிறதே, குறிப்புதவிச் சேவை (ரெஃபரன்ஸ்), அது பொது நூலகங்களில் எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் என் ஆய்வேடு. நான்கு கிளை நூலகங்களில் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கிவிட்டேன். "குறிப்புதவிச் சேவையைப் பயன்படுத்துகிறீர்களா?" என்பதற்கு ஏறக்குறைய எல்லாரும் 'இல்லை'. அடுத்து "சேவை எப்படி?" என்று கேட்டால் அதே ஆட்கள் 'மிக நன்று'! நூலகர்களும், யாரும் ஒன்றும் கேட்பதில்லை, பெரியவர்கள் பேப்பர் பார்க்க வருவார்கள், குரூப் 4 படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், அவ்வளவுதான் என்கிறார்கள். தேவை குறைந்துவிட்டது என்று எழுதி முடி என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்திய நூலக அறிவியலின் தந்தை ரங்கநாதன் 1892இல் பிறந்த சீர்காழிக்கு இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது, அந்த மண்ணில் உட்கார்ந்து இப்படி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பழைய_நூலகன்

ஏம்மா, அந்தக் கேள்வித்தாளை யார் கையால் கொடுத்தீர்கள்? நூலகர் பக்கத்தில் நிற்கும்போது யார் 'மோசம்' என்று டிக் போடுவார்கள்? அப்புறம், 'குறிப்புதவிச் சேவை' என்று நாமே பரீட்சையில் எழுதியதோடு சரி. எங்கள் ஊரில் "சார், இது எதுல இருக்கும்?" என்றுதான் கேட்பார்கள்.

மன்னார்குடிப் பக்கம் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன் நான் (1931இல் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன ஊர்ப் பக்கம், கொஞ்சம் பெருமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்). ஒருநாள் ஒரு பெரியவர் வந்து "சட்டப் புத்தகம் எங்கே?" என்றார். நானும் அலமாரியைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்தார், முகம் தெளியவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், அப்பா காலத்திலிருந்து உழுகிற குத்தகை நிலத்தை விடச் சொல்கிறார்களாம், தன் பெயருக்கு ஏதாவது பதிவு இருக்குமா என்று தெரியவேண்டுமாம். அதற்குப் புத்தகமே வேண்டாம். 1955இல் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய இன்னொரு சட்டம் வந்தது, அந்தப் பதிவேட்டைத் தாசில்தார் ஆபீசில் பார்க்கவேண்டும். ஒரு துண்டுச்சீட்டில் சட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் எழுதிக் கொடுத்தேன். நூலகத் தினசரி நோட்டில் அன்றைக்கு ரெஃபரன்ஸ் கேள்விக்கான பத்தியில் என்ன எழுதினேன் தெரியுமா? ஒன்றுமில்லை. புத்தகம் எடுத்துக் கொடுத்தால்தானே கணக்கு! உங்கள் நூலகர்கள் 'யாரும் கேட்பதில்லை' என்று சொல்வதும் பொய்யில்லை, அவர்கள் நோட்டுப்படி உண்மைதான்.

நன்னிலம்_ஜெராக்ஸ்

நான் நூலகத்துறை ஆள் இல்லை, ஜெராக்ஸ் கடை. ஆனால் அக்கா தேடுகிற கேள்வி எல்லாம் என் கடைக்குத்தான் வருகிறது. கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோக ஆன்லைனில் எப்படிப் பதிவது, சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் யாரிடம் வாங்குவது, கடைசித் தேதி எது, பட்டாவில் இன்னும் தாத்தா பேர் இருக்கிறது என்ன செய்வது. எதிரிலேயே கிளை நூலகம். அங்கே போய்க் கேட்டால் "எதிர்க் கடையில கேளுங்க" என்று இங்கே அனுப்பிவிடுகிறார்கள். பிரிண்டுக்குத்தான் காசு வாங்குகிறேன், பதில் இலவசம். ஆனால் அந்தப் பதில் எல்லா நேரமும் சரியா என்றால், சத்தியமாகத் தெரியாது. யாரோ வாட்ஸ்அப்பில் போட்டதைப் பார்த்துச் சொல்கிறேன். போன சீசனில் ஒருவருக்குத் தேதியைத் தப்பாகச் சொல்லி, நல்லவேளை, அவர் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

ஓலையும்_எலியும்

ஜெராக்ஸ் தம்பி சொன்னதுதான் உங்கள் ஆய்வின் முக்கிய அத்தியாயம், விட்டுவிடாதீர்கள். பெரியவர் கதைக்கும் படிப்பில் பெயர் உண்டு. 1968இல் அமெரிக்க நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் எழுதிய கட்டுரையைப் பாருங்கள்: மனதுக்குள் இருக்கிற தேவை நான்கு படி இறங்கி வந்துதான் நூலகர் முன்னால் கேள்வியாக நிற்கிறது, வரும்போது நூலகத்தில் என்ன கிடைக்குமோ அதற்கு ஏற்றபடி தன்னைச் சுருக்கிக்கொண்டு வருகிறது. 'சட்டப் புத்தகம் எங்கே' அந்தக் கடைசிப் படி.

எண்ணிக்கை குறைவது உங்கள் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பெரிய ஆய்வு நூலகங்களிலேயே 1990களிலிருந்து ரெஃபரன்ஸ் கேள்விக் கணக்கு சரிந்துகொண்டே வருகிறது. தலைநகரம் எது, யார் எப்போது பிறந்தார் மாதிரி கேள்விகளைக் கூகுள் தின்றுவிட்டது. மிச்சம் வருவதில் நேரம் பிடிப்பவை இருக்கின்றன, ஆனால் கோடு போட்டு எண்ணினால் 'கழிவறை எங்கே' என்பதும் ஒன்று, குத்தகைப் பதிவும் ஒன்று. அதற்காகத்தான் ரீட் அளவுகோல் என்று ஒன்று வந்தது, கேள்விக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதை 1 முதல் 6 வரை போடுவது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய வகைக் கேள்வியும் ஒன்று சேர்ந்திருக்கிறது. நான் சுவடிகளோடு மாரடிக்கிறவன். போன மாதம் ஓர் ஆய்வு மாணவர் சித்த மருத்துவச் சுவடிகள் என்று ஒரு பட்டியலைச் செல்போனில் காட்டினார், எண்கூடப் போட்டிருந்தது. அட்டவணையில் அரைநாள் தேடினோம், ஒன்றுகூட இல்லை. சாட்ஜிபிடி கொடுத்ததாம். இல்லாத ஒன்றை இல்லை என்று உறுதியாகச் சொல்ல, இருப்பதைத் தேடுவதைவிட அதிக நேரம் ஆகிறது. இது ரீட் கணக்கில் 4க்குக் குறையாது.

பழைய_நூலகன்

சுவடிக்காரர் சொன்னபடி செய்யுங்கள். ஆனால் கேட்டவர் பெயரை மட்டும் எழுதவேண்டாம், ஊர் சின்னது, கேள்வியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

வடகரை_மாணவி

ஐயா, அண்ணன்மாரே, எல்லாருக்கும் நன்றி. கேள்வித்தாளைத் தூக்கி வைத்துவிட்டேன். இரண்டு வாரம் ஒரு கிளை நூலகத்தில் மூலையில் உட்கார்ந்து, கேட்பவர் வாயில் வந்தபடியே ஒவ்வொரு கேள்வியையும் எழுதப் போகிறேன், பக்கத்தில் ரீட் எண். கைடு அரைமனதாகச் சரி என்றார். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை, அன்றைக்கு நன்னிலம் வந்து கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரலாமா?

நன்னிலம்_ஜெராக்ஸ்

வாங்க அக்கா. காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் நிற்கவே இடம் இருக்காது. ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது, கால் கொஞ்சம் ஆடும்.