குழந்தை டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டேன், சிகரெட்டை விட வழி சொல்லுங்கள்

ராயக்கோட்டை அப்பா:
மகளுக்கு நாலு வயது. மழை ஆரம்பித்ததிலிருந்து மூன்றாவது தடவையாக வீசிங். ராத்திரியானால் நெஞ்சு கீச்கீச்சென்று இழுக்கும், கிருஷ்ணகிரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி நெபுலைசர் வைத்தால்தான் அடங்கும். நேற்று டாக்டரம்மா அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே "வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க மேடம் என்றேன். சட்டைப் பையில் பாக்கெட் துருத்திக்கொண்டிருக்கிறது! மனைவி ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

ஓசூரில் ஷிப்ட் வேலை, ஒரு நாளைக்கு எட்டு பத்து ஆகிவிடும். வீட்டுக்குள் பிடிப்பதே இல்லை, மொட்டைமாடிதான். இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன், நாலாம் நாள் கம்பெனி வாசல் டீக்கடையில் தோற்றுப்போனேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் பாப்பாவைக் காட்ட வரச் சொல்லியிருக்கிறார். எந்த முகத்தோடு போவது?

அரூர் நர்ஸ்:
அதே முகத்தோடு போங்கள் தம்பி. இருபது வருஷமாகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன், பாதி அப்பாக்கள் முதல் தடவை "இல்லை" என்றுதான் சொல்வார்கள். நாங்கள் கேட்பது திட்டுவதற்கு இல்லை. உங்கள் வயது ஆண்கள் தனக்கென்று ஆஸ்பத்திரிப் படி ஏறுவதே இல்லை, பிள்ளைக்கு என்றால் மட்டும் ஷிப்டைக்கூட விட்டுவிட்டு வருகிறார்கள். உங்களைப் பிடிக்க எங்களுக்கு அந்த ஒரு இடம்தான். அமெரிக்காவில் பாஸ்டனில் உள்ள மாசச்சூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனைக்காரர்கள் இதற்கென்றே 'சீஸ்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கும் டாக்டரே அப்பா அம்மாவிடம் கேட்டு, சிகரெட் ஏக்கத்தை அடக்கும் நிகோடின் மருந்து எழுதிக் கொடுத்து, போன் ஆலோசனைக்கும் சேர்த்துவிடுவார்.

மாடி விஷயம்: பிடித்த கையோடு இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கினால் உங்கள் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியிருப்பது அவள் மூக்குக்குத்தான் போகும். வெளியே பிடிப்பது உள்ளே பிடிப்பதைவிட மேல், அவ்வளவுதான். வீசிங் மட்டுமில்லை, காதில் சீழ் பிடிப்பது, அடிக்கடி நெஞ்சுச்சளி எல்லாம் புகை உள்ள வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

தொப்பூர் டிரைவர்:
நான் லாரி ஓட்டுகிறேன், பீடி, பதினாறு வருஷம். நிகோடின் சூயிங்கம் 2 மி.கி. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். முதலில் நான் அதை பபிள்கம் மாதிரி சவக்சவக்கென்று மென்று விக்கல் எடுத்துச் செத்தேன். அப்படி இல்லை. நாலு கடி, நாக்கு சுரீர் என்றதும் கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்கணும், சுரீர் போனதும் மறுபடி நாலு கடி. டீ குடித்த உடனே போட்டால் ஏறாது, கால் மணி நேரம் விடுங்கள். பிடிக்கணும் என்று அரிப்பு எடுப்பதெல்லாம் ஐந்து பத்து நிமிஷம்தான், அந்த நேரத்தில் டயரைத் தட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவேன். டீக்கடைதான் எமன். நான் ஒரு மாசம் டீயையே விட்டு மோருக்கு மாறினேன்.

அப்புறம் புகையை விட ஆலோசனை சொல்லும் போன் நம்பர் 1800-11-2356, உங்கள் பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கும், இலவசம். தமிழிலேயே பேசுவார்கள்.

பென்னாகரம் அம்மா:
எல்லாம் சரி, ஆனால் எல்லா டாக்டரும் அப்படி இல்லை. எங்களுக்குப் பார்த்த ஒருத்தர் வெளியில் இருக்கிற கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி "பெத்த பிள்ளையைக் கொல்றீங்களே" என்றார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி பக்கமே வருவதில்லை, நான்தான் பையனை பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். தம்மும் நிற்கவில்லை.

அரூர் நர்ஸ்:
அது தப்புதான் அம்மா, கூட்டத்துக்கு முன்னால் சொன்னால் யாருக்கும் ரோஷம்தான் வரும். வேறு டாக்டரிடம் காட்டுங்கள், முடிந்தால் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

தம்பி, எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 2 மி.கி. பத்தாது, 4 மி.கி. கேளுங்கள், அதற்குச் சீட்டு வேண்டும். நெஞ்சு வலி, ஹார்ட் தொந்தரவு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கம்மைப் பாப்பா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அவளுக்கு அது விஷம்.

ராயக்கோட்டை அப்பா:
எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே ஒன்று, அப்போ 4தான். ஞாயிறு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிரைவர் அண்ணே, நைட் ஷிப்ட் முடிந்து காலையில் படுக்கப் போகும்போது கம் போட்டால் தூக்கம் கெடுமா?

தொப்பூர் டிரைவர்:
எனக்குக் கெட்டது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே துப்பிவிடுங்கள்.