பிரவுசர் திறந்தாலே பேட்டரி மளமளவென இறங்குகிறது: எங்கே தேடுவது?

அகல்விளக்கு:

விண்டோஸ் 11, இன்டெல் 8-ஆம் தலைமுறை ஐ7, 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டும் உண்டு. பேட்டரி 50 வாட்-மணி. ஆவணம் மட்டும் தட்டச்சு செய்யும்போது பேட்டரியிலிருந்து 6 வாட் அளவில்தான் போகிறது. பிரவுசரைத் திறந்து 15 டேப் வைத்தால், எதையும் தொடாமலே 12 வாட். அதிலேயே 1080பி வீடியோ ஒன்றை ஓடவிட்டால் 19 வாட்டைத் தொடுகிறது, ஃபேனும் சுற்ற ஆரம்பிக்கிறது. அளவெல்லாம் பேட்டரிஇன்ஃபோவியூ என்ற மென்பொருள் காட்டும் டிஸ்சார்ஜ் ரேட் (பேட்டரியிலிருந்து வெளியேறும் வாட்). திரை வெளிச்சம் எல்லா நேரமும் 40%.

வேறு பிரவுசரில் இதே டேப்களைத் திறந்தாலும் ஒரு வாட்கூட வித்தியாசமில்லை. ரேமை மிச்சப்படுத்தும் வசதியை ஆன் செய்தால் ரேம் குறைகிறது, வாட் குறையவில்லை. ஆகவே 'இந்த பிரவுசருக்கு மாறுங்கள்' என்ற பதில் வேண்டாம். டேப்கள் சும்மா இருக்கும்போது போகும் கூடுதல் 6 வாட் எதனால், வீடியோவுக்கு மேலும் 7 வாட் எதனால், இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

மின்னோட்டம்:

வீடியோவிலிருந்து தொடங்குங்கள், அது சீக்கிரம் பிடிபடும். 1080பி வீடியோவுக்கு 7 வாட் என்றால் டிகோட் வேலையை (சுருக்கி அனுப்பிய வீடியோவை விரித்துப் படமாக்குவதை) சிபியு செய்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். சிப்பில் உள்ள கிராபிக்ஸில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. வேலை அங்கே போனால் சிபியு கோர்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும்.

உங்கள் 8-ஆம் தலைமுறை சிப் எச்.264, எச்இவிசி, விபி9 என்ற கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கும் முறைகள்) மூன்றையும் வன்பொருளிலேயே டிகோட் செய்யும். ஏவி1 மட்டும் அதற்கு முடியாது. இன்டெல்லில் அது 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறையில்தான் சேர்ந்தது, ஏஎம்டி லேப்டாப்களில் ரைசன் 6000 வரிசையில் வந்தது. வீடியோ தளம் ஏவி1-ஐ அனுப்பினால், பிரவுசர் அதைச் சத்தமில்லாமல் மென்பொருள் டிகோடரில் ஓட்டிவிடும். படம் தடங்கலின்றி ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை, பேட்டரிதான் கரையும்.

சரிபார்க்கும் வழி:

வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து, கோடெக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். ஏவி01 என்று தொடங்கினால் ஏவி1, விபி09 என்றால் விபி9, ஏவிசி1 என்றால் எச்.264.

அடுத்து, புதிய டேபில் 'குரோம்://மீடியா-இன்டர்னல்ஸ்' என்ற முகவரிக்குப் போய், ஓடும் பிளேயரைச் சொடுக்கி, 'கேவீடியோடிகோடர்நேம்' என்ற வரியைத் தேடுங்கள். டி3டி11வீடியோடிகோடர் என்று இருந்தால் வன்பொருள். டேவ்1டி, விபிஎக்ஸ், எஃப்எஃப்எம்பெக் என்று தொடங்கும் பெயர் இருந்தால் மென்பொருள். குரோமியம் அடிப்படையிலான பிரவுசர் எல்லாவற்றிலும் இந்தப் பக்கம் இருக்கும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு பகுதியில் 'வீடியோ டிகோட்' கோடு பூஜ்யத்திலேயே படுத்திருந்தாலும் அதே முடிவுதான்.

ஏவி1 என்று தெரிந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். யூடியூபில் கணக்கு செட்டிங்ஸில் பிளேபேக் பகுதிக்குப் போய் 'ப்ரிஃபர் ஏவி1 ஃபார் எஸ்டி' தேர்ந்தெடுத்தால் எச்டி வீடியோ விபி9-இல் வரும். ஃபயர்பாக்ஸ் என்றால் 'அபௌட்:கான்ஃபிக்' பக்கத்தில் 'மீடியா.ஏவி1.எனேபிள்ட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் எல்லாத் தளத்துக்கும் சேர்த்து நின்றுவிடும். விபி9-ஐயும் சேர்த்து அணைத்து எச்.264 மட்டும் வைக்கச் சொல்லும் ஆலோசனை நிறைய இடங்களில் கிடைக்கிறது. அது 6-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தைய சிப்பும் வைத்திருப்பவர்களுக்கானது. உங்களுக்குத் தேவையில்லை. யூடியூபில் எச்.264 1080பி-க்கு மேல் போகாது என்பதால் வீண் இழப்பும்கூட.

கோடெக் விபி9 ஆகவே இருந்தும் மென்பொருள் டிகோடர் ஓடினால் கோளாறு வேறு இடத்தில். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் 'யூஸ் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் வென் அவெய்லபிள்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். திரை மினுக்குகிறது என்று என்றோ அதை அணைத்துவிட்டு மறந்துவிடுவது மிக சகஜம். அது அணைந்திருந்தால் வீடியோ மட்டுமல்ல, பக்கம் வரையும் வேலை முழுவதும் சிபியு தலையில் விழும். ஆன் ஆகியும் 'குரோம்://ஜிபியு' பக்கத்தில் வீடியோ டிகோட் வரி 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட்' என்று காட்டாவிட்டால், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். டிரைவர் தடைப்பட்டியலைப் புறக்கணிக்கும் ஃபிளாக்கை (பிரவுசரின் சோதனை அமைப்பை) தொட வேண்டாம். தெரிந்த பிழை உள்ள டிரைவர்களைத்தான் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

சில்லுவண்டு:

டேப் விஷயத்துக்கு வரேன். ரேம் குறைஞ்சும் வாட் குறையலன்னு சொன்னீங்க இல்லையா, அது எதிர்பார்க்க வேண்டியதுதான். ரேம்ல தகவல் இருந்தாலும் இல்லாட்டியும் சிப் தன்னைப் புதுப்பிச்சுக்கிட்டேதான் இருக்கும், அதுக்கு ஆகிற மின்சாரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரேம் நிரம்பி, எஸ்எஸ்டிக்கு மாத்தி மாத்தி எழுத ஆரம்பிச்சா மட்டும் செலவு ஏறும். 16 ஜிபில 15 டேப்புக்கு அந்த நிலைமை வராது. போதாததுக்கு, அந்த வசதி தூங்க வெச்ச டேப்பைத் திறக்கும்போது பக்கம் முழுசா மறுபடி இறங்கும். அடிக்கடி திரும்பிப் போற டேப்னா அது நஷ்டக் கணக்கு. அந்தத் தளங்களை 'ஆல்வேஸ் கீப் தீஸ் சைட்ஸ் ஆக்டிவ்' பட்டியல்ல சேர்த்துடுங்க.

பேட்டரியைத் தின்கிறது, சிபியுவைத் தூங்க விடாம எழுப்புற வேலைகள். ஒண்ணும் நடக்காதப்போ சிபியு ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போயிடும். பக்கத்துல இருக்கிற ஒரு டைமர் நொடிக்குப் பத்து தடவை அடிச்சா, வேலை துளியூண்டுதான்னாலும் ஒவ்வொரு தடவையும் எழுந்து, மறுபடி தூங்கப் போகணும். டாஸ்க் மேனேஜர்ல சிபியு 2%ன்னு அப்பாவியா காட்டும், வாட் மட்டும் இறங்காது.

ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்க. பிரவுசரோட சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். தலைப்பு வரிசையில ரைட் கிளிக் பண்ணி 'ஐடில் வேக் அப்ஸ்' (தூங்குற சிபியுவை எத்தனை தடவை எழுப்புச்சுன்னு காட்டுற எண்) பத்தியைச் சேர்த்து, அதை வெச்சு வரிசைப்படுத்துங்க. ஒரு நிமிஷம் எதையும் தொடாம பாருங்க. சும்மா இருக்கிற டேப் பூஜ்யத்துலயோ ஒற்றை இலக்கத்துலயோ இருக்கணும். நூறு, இருநூறுன்னு நிக்கிற டேப்பும் எக்ஸ்டென்ஷனும்தான் ஆளு. ஃபயர்பாக்ஸ்ல 'அபௌட்:பிராசசஸ்' பக்கம் எந்த டேப் எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு காட்டும்.

இன்னொண்ணு: பின்னாடி கிடக்கிற டேப்களை அளவுக்கு மீறி சந்தேகப்படாதீங்க. குரோம் 2017-ல 57-ஆம் பதிப்புலயே பின்னணி டைமர்களுக்குக் கடிவாளம் போட்டுச்சு. 2021-ல 88-ஆம் பதிப்பு வந்தப்புறம், 5 நிமிஷத்துக்கு மேல மறைஞ்சிருக்கிற பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் பொதுவா விழிக்கும். ஒலி ஓடுற டேப்புக்கும் வீடியோ அழைப்பு டேப்புக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால 15 டேப்ல நிஜமா செலவு வைக்கிறது பெரும்பாலும் கண்ணு முன்னாடி திறந்திருக்கிற அந்த ஒரு பக்கம்தான். அந்த டேப்ல வெறும் பக்கத்தைத் திறந்து வெச்சு வாட்டைப் பாருங்க, சட்டுனு தெரிஞ்சிடும்.

பனிமுகில்:

தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்றீர்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். பிரவுசர் அதை எழுப்பி வைத்திருந்தால் சில வாட் அப்படியே போகும். 'குரோம்://ஜிபியு' பக்கத்தில் ஜிபியு0, ஜிபியு1 என்று வரும் வரிகளில் எதன் பக்கத்தில் ஆக்டிவ் என்று இருக்கிறது என்று பாருங்கள். தனி கார்டாக இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் போய், பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'பவர் சேவிங்' வைத்துவிட்டு பிரவுசரை முழுவதுமாக மூடித் திறங்கள். சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேரடியாகத் தனி கார்டோடு இணைந்திருக்கும். அதில் வெளித்திரை மாட்டியிருக்கும்வரை எந்த செட்டிங்கும் உதவாது.

மூடினாலும் ஓடிக்கொண்டிருக்கும் சங்கதி தனி. குரோமில் சிஸ்டம் பகுதியில் 'கன்டின்யூ ரன்னிங் பேக்கிரவுண்ட் ஆப்ஸ்' அணைக்க வேண்டும். எட்ஜில் அதோடு 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதையும்.

அகல்விளக்கு:

மூவருக்கும் நன்றி. வீடியோ: கோடெக் ஏவி01, டிகோடர் டேவ்1டி. யூடியூப் செட்டிங்கை மாற்றியதும் விபி09, டி3டி11 என்று மாறியது. 19 வாட் இருந்தது 13-க்கு வந்துவிட்டது. ஃபேன் சுற்றவில்லை.

ஆக்டிவ் என்று இருப்பது இன்டெல் கிராபிக்ஸ்தான், அங்கே பிரச்சினை இல்லை. ஷிஃப்ட் + எஸ்கேப் பட்டியலில் டேப்களைவிட 'ஜிபியு பிராசஸ்' என்ற வரிதான் மேலே நிற்கிறது, 10 முதல் 14% சிபியு. திறந்திருப்பது ஒரு செய்திப் பக்கம், ஸ்க்ரோல்கூடச் செய்யவில்லை. வெறும் பக்கத்துக்கு மாறினால் அந்த வரி பூஜ்யம், வாட் 7. அசையாத பக்கத்தில் ஜிபியு பிராசஸுக்கு என்ன வேலை?

சில்லுவண்டு:

அசையாத பக்கம்னு உங்க கண்ணுக்குத் தெரியுது, ஆனா அதுல ஏதோ ஒண்ணு அசையுது. ஓயாம ஓடுற ஒரு சின்ன அனிமேஷன் போதும், 60 ஹெர்ட்ஸ் திரையில ஜிபியு பிராசஸ் நொடிக்கு 60 தடவை படம் சேர்த்து திரைக்கு அனுப்பணும். 144 ஹெர்ட்ஸ்னா 144 தடவை.

எதுன்னு பார்க்க: கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஐ அழுத்தி டெவலப்பர் டூல்ஸ் திறங்க. அதோட மூணு புள்ளி மெனுவுல 'மோர் டூல்ஸ்', அப்புறம் 'ரெண்டரிங்'. அங்க 'பெயிண்ட் ஃப்ளாஷிங்' டிக் பண்ணுங்க. எந்தப் பகுதி திரும்பத் திரும்ப வரையப்படுதோ அது மேல பச்சைக் கட்டம் மின்னும். செய்திப் பக்கத்துல சாதாரணமா மாட்டுறது, 'நேரலை'ன்னு துடிக்கிற சிவப்புப் புள்ளி, நகர்ந்துக்கிட்டே இருக்கிற தலைப்புச் செய்தி வரி, மூலையில தானா ஓடுற விளம்பர வீடியோ. பக்கத்துல கீழ, திரைக்கு வெளிய ஓடுற விளம்பரச் சுழற்சியும் பக்கத்தைத் தூங்க விடாது, கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. பச்சை எதுவும் மின்னாம ஜிபியு பிராசஸ் மட்டும் ஏறி நின்னா, அது ஏற்கெனவே வரைஞ்ச அடுக்கை நகர்த்துற அனிமேஷன். அதே இடத்துல 'லேயர் பார்டர்ஸ்' டிக் பண்ணா அந்த அடுக்கு கோடு போட்டுக் காட்டும்.

கண்டுபிடிச்சப்புறம் விளம்பரத் தடுப்பான்ல அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து மறைச்சுடுங்க. ஃபயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின், குரோம்ல அதோட லைட் பதிப்பு. ஒரு தடுப்பான் மட்டும் வைங்க. ரெண்டு வெச்சா ஒவ்வொரு கோரிக்கையும் ரெண்டு தடவை சல்லடைக்குப் போகும், லாபம் ஒண்ணும் கிடையாது.

மின்னோட்டம்:

இதோடு ஒரு சிறு சேர்க்கை. விண்டோஸ் அமைப்பில் அக்சசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் பகுதியில் 'அனிமேஷன் எஃபெக்ட்ஸ்' அணைத்தால், அதை மதித்து எழுதப்பட்ட தளங்கள் தாமாகவே அசைவை நிறுத்திவிடும். எல்லாத் தளமும் மதிப்பதில்லை என்பது வருத்தமான நிலைமை. குரோமின் எனர்ஜி சேவரையும் (பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி) பேட்டரி 20%-க்கு இறங்கும்வரை காத்திருக்காமல் 'சார்ஜர் கழற்றியதும்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்க்ரோல் கொஞ்சம் வழுவழுப்பு இழக்கும், அவ்வளவே.

நீலவானம்:

வேறு கணினிகளில் இதே தேடலைச் செய்பவர்களுக்காக. லினக்ஸில் 'விஏஇன்ஃபோ' கட்டளை தரும் பட்டியலில், உங்கள் கோடெக் பெயருக்கு எதிரே 'விஎல்டி' என்று முடியும் வரி இருந்தால்தான் வன்பொருள் டிகோட் கிடைக்கும். அது இருந்தும் பிரவுசர் பயன்படுத்தாமல் போவது லினக்ஸில் அதிகம். ஓடும்போது 'இன்டெல்_ஜிபியு_டாப்' திறந்து வீடியோ என்ற வரி நகர்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. வாட் அளவுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. பேட்டரி அடைவில் (ஃபோல்டரில்) 'பவர்_நவ்' கோப்பு மைக்ரோவாட்டில் சொல்லும்: 7500000 என்றால் 7.5 வாட். சில மாடல்களில் அந்தக் கோப்புக்குப் பதில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் தனித்தனியாக இருக்கும், பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் எனர்ஜி பகுதியில் '12 மணி நேர' பத்தியைப் பாருங்கள். அந்த நொடிக்கான எண் தாவிக்கொண்டே இருக்கும். எம்1, எம்2 சிப்களில் ஏவி1 வன்பொருள் இல்லை, எம்3-இலிருந்துதான் உண்டு. அந்த வன்பொருள் இல்லாத மேக்கில் சஃபாரி ஏவி1-ஐ ஏற்பதே இல்லை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது. மற்ற பிரவுசர்களில் எழும்.

அகல்விளக்கு, நீங்கள் சொன்ன 50 வாட்-மணி பேட்டரி புதிதாக இருந்தபோது உள்ள கொள்ளளவா, இன்றைய கொள்ளளவா? கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' கொடுத்தால் ஒரு எச்டிஎம்எல் கோப்பு உருவாகும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' இரண்டையும் ஒப்பிடுங்கள். 12 வாட் செலவில் 50 வாட்-மணி 4 மணி 10 நிமிடம் வரும். கொள்ளளவு தேய்ந்து 38 ஆகியிருந்தால் அதே 12 வாட்டுக்கு 3 மணி 10 நிமிடம்தான். அந்த ஒரு மணி நேரத்தை எந்த பிரவுசர் செட்டிங்கிலும் மீட்க முடியாது, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.

அகல்விளக்கு:

பச்சைக் கட்டம் மின்னியது இரண்டு இடத்தில்: தலைப்புச் செய்தி வரி, பக்கத்தின் அடியில் தானாக ஓடும் விளம்பர வீடியோ. இரண்டையும் மறைத்ததும் ஜிபியு பிராசஸ் 1%-க்கு இறங்கியது, அதே 15 டேப்களோடு 7.5 வாட். ரிப்போர்ட்டில் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 43 வாட்-மணி என்று காட்டுகிறது.