கார் கேம் விளையாடிப் பழகியதை நம்பி மாமாவின் கஞ்சில் காரில் கை வைக்கலாமா?

லயத்துப்பையன்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சை முடித்துவிட்டு இப்போதைக்கு மினி மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலை. ராத்திரியானால் கார் மெக்கானிக் சிமுலேட்டர் 2018 என்ற கம்ப்யூட்டர் கேம்தான், கணக்குப் பார்த்தால் 400 மணி நேரம் தாண்டிவிட்டது. இன்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங் வரை கழற்றித் திரும்பப் பூட்டுவேன், எந்தச் சாமானுக்குப் பின்னால் எது வரும் என்று மனப்பாடம்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமா தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கஞ்சில் 850 ஐந்து மாதமாகக் கொட்டகையில் சும்மா நிற்கிறது, நீயே வைத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். தோட்டத்துக்குள் உர மூட்டை ஏற்றியே பாதி ஆயுள் ஓடிய வண்டி. பிரேக் மிதித்தால் முன்னால் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். டவுனில் ஒரு வர்க்‌ஷாப்பில் காட்டினேன். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் பேட், டிஸ்க், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் எல்லாம் போச்சு, ஜோடியாக மாற்ற வேண்டும் என்று ஒரு விலை சொன்னார்கள், என் சம்பளத்தில் பாதி.

கேமில் இதே வேலை எனக்கு ஒரு நிமிஷம். நானே செய்யலாமா? அப்பாவிடம் கேட்டால், கம்ப்யூட்டரில் சோறு வடித்தால் வயிறு நிறையுமா என்கிறார்.

செம்பனை_லாரி:
பிரேக் மட்டும் வேண்டாம் தம்பி. ரேடியோ மாற்று, பல்பு மாற்று. தப்பாகப் போனால் கேமில் காசு போகும், ரோட்டில் ஆள் போகும்.

பத்துகாஜா_போமன்:
லாரி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பிரேக் பேட் மாற்றுவது ராக்கெட் வேலை இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்போது என்னிடம் வேலை கற்க வரும் பையன்களில் இந்த கேம் விளையாடியவன் யார் என்று முதல் நாளே தெரிந்துவிடும், காலிப்பரை எடு என்றால் முழிக்க மாட்டான், சாமான் பெயரும் கழற்றும் வரிசையும் தெரிந்திருக்கும். எனக்கு அதையெல்லாம் என் முதலாளி கெட்ட வார்த்தையோடு சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார், அந்த வகையில் இது எவ்வளவோ மேல். ஆனால் அதே பையன் முதல் வாரத்திலேயே ஒரு போல்ட்டை முறித்துவிடுவான். மவுஸை அழுத்திப் பிடித்தால் போல்ட் கழன்று வந்துவிடுகிறது, அதன் தலை மொட்டையாவதில்லை, பாதியில் முறிவதில்லை. எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது மணிக்கட்டுக்குத் தெரிய வேண்டிய விஷயம், அதை எந்தக் கம்ப்யூட்டரும் கையில் ஏற்றாது. அதிலும் உன்னுடையது உரம் ஏற்றிய வண்டி. உரத்து உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். முதல் நாள் ராத்திரியே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடு.

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது. கேமில் பேட் 12 சதவீதம் என்று காட்டும், நீ புதுசு வாங்கிப் போடுவாய், கதை முடிந்தது. ஏன் 12 ஆனது என்று அது கேட்காது. நீ பழைய பேட் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். உள் பேட் மட்டும் தேய்ந்து வெளிப் பேட் நன்றாக இருந்தால் காலிப்பர் சறுக்கி நகர உதவும் ‘பின்’ என்ற இரும்புக் கம்பி சிக்கியிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். அதைச் சரி செய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

செய்வதாக இருந்தால் இப்படிச் செய். சமதரை, பின் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக். டயர் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிடு, தூக்கிய பிறகு இளக்கினால் சக்கரம் சுற்றும். ஜேக் தூக்கத்தான், தாங்க ஸ்டாண்டு, ஸ்டாண்டு இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம், கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் தள்ளி வை. கழற்றிய காலிப்பரை பிரேக் ஓஸ் குழாயில் தொங்க விடாதே, கம்பியால் கட்டு. பிஸ்டனை ஜி கிளாம்பு வைத்து மெதுவாக உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் எண்ணெய் ஏறும், வழிந்தால் பெயிண்ட்டை உரித்துவிடும். காலிப்பர் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போடாதே, ரப்பர் உப்பிவிடும், பிரேக்குக்கு என்றே கிரீஸ் விற்கிறான். டிஸ்க்கில் எவ்வளவு மெலியலாம் என்ற அளவு பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும், அளந்து பார், கண்மூடி மாற்றாதே.

கடைசியாக, வண்டியை எடுக்கும் முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதி. பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். நான் கற்றுக்குட்டியாக இருந்தபோது இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தேன், முதலாளியின் மோட்டார் சைக்கிள் இரண்டும் சாய்ந்தன. கேமில் இந்தப் பாடம் கிடையாது.

சட்சுமா95:
மை சம்மர் கார் விளையாடிப் பார்க்கவில்லையா ப்ரோ? பின்லாந்துக்காரர் செய்தது, 2016ல் பாதிப் பதிப்பாக வந்து 2025 ஜனவரியில்தான் முழுசாக வெளிவந்தது. 1995 கோடையில் ஒரு பழைய சின்ன காரை நட்டு நட்டாகப் பூட்டணும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் சரியான நம்பர் ஸ்பானரை நீயே தேடி எடுக்கணும், ஒன்றை இறுக்க மறந்தால் ஓடும்போது சாமான் கழன்று விழும், எது மறந்தாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கார்புரேட்டர், வால்வு எல்லாம் நீயே சரி பண்ணணும். மூன்று முறை அழுதிருக்கிறேன். அதை விளையாடிய பிறகுதான் என் மோட்டாரில் வேலை செய்யும்போது கழற்றிய நட்டை எண்ணி மூடியில் போட்டு வைக்கும் பழக்கம் வந்தது.

குளுவாங்_சின்னம்மா:
எனக்கு கேம் தெரியாது, மகன் விளையாடுவதைப் பார்த்ததோடு சரி. ஆனால் என் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு மினியாக் ஹித்தாம், அதாவது இன்ஜின் எண்ணெய், நானேதான் மாற்றுவேன். முதல் தடவை ஒழுகக்கூடாது என்று பயந்து அடியில் உள்ள நட்டை உயிரைக் கொடுத்து இறுக்கினேன், இரண்டாவது தடவை கழற்றினால் அலுமினிய மரை அந்த நட்டோடு சுருள் சுருளாக வந்துவிட்டது. அதைச் சரி செய்த காசில் பத்து தடவை எண்ணெய் மாற்றியிருக்கலாம். போமன் தம்பி சொன்ன மணிக்கட்டு விஷயம் சரியோ சரி. முடிந்தால் எவ்வளவு இறுக்குகிறாய் என்று காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்று இரவல் வாங்கு.

லயத்துப்பையா, இவ்வளவு ஆசை இருந்தால் மார்க்கெட்டில் ஏன் அடுக்கிக்கொண்டிருக்கிறாய்? கியாட்மாரா தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டுப் பார், அதே மாதிரி ஐஎல்பியும் இருக்கிறது. எஸ்கேஎம் திறன் சான்றிதழில் நிலை 1லிருந்து ஏறிப் போனால் 4ல் டிப்ளோமா. என் அக்கா மகன் அப்படித்தான் போனான்.

லயத்துப்பையன்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன். ஸ்டாண்டு பக்கத்து லயத்து அண்ணனிடம் இரவல். வலது பக்கம் கீழ் போல்ட் ஒன்றுக்கே முக்கால் மணி நேரம், ஸ்பானர் வழுக்கி முட்டி தோல் போச்சு. அப்பா டார்ச் பிடிக்கிறேன் என்று வந்தவர், நகரு என்று ஸ்பானர் மேல் பைப்பைச் சொருகி ஒரே அழுத்து, கழன்றுவிட்டது. அதற்கப்புறம் சோறு பேச்சே இல்லை.

போமன் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே. உள் பேட் இரும்பே தெரிகிறது, வெளிப் பேட் பாதிக்கு மேல் மிச்சம். பின்னைச் சுத்தியால் தட்டித்தான் எடுத்தேன், உள்ளே சேறும் துருவும் கெட்டியாக. தேய்த்துக் கழுவி பிரேக் கிரீஸ் போட்டதும் விரலால் தள்ளினாலே நகர்கிறது. டிஸ்க்கில் கொஞ்சம் கோடு, ஆனால் அளவுக்கு மேலேதான் இருக்கிறது, மாற்றவில்லை. காலிப்பருக்கு ஒன்றுமே ஆகவில்லை. பேட் ஒரு செட்டும் கிரீஸும்தான் செலவு. பெடல் முதல் மிதி நிஜமாகவே தரைக்குப் போனது, உங்கள் முதலாளியின் மோட்டார் ஞாபகம் வந்தது.

இடது பக்கக் காலிப்பர் பின் சிக்கவில்லை, ஆனால் அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது. உறை மட்டும் தனியாகக் கிடைக்குமா, பழைய கார் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடையில் கேட்கணுமா?

பத்துகாஜா_போமன்:
தனியாகவே கிடைக்கும், காலிப்பர் ரிப்பேர் கிட் என்று கேள். பழசை வாங்காதே, ரப்பர் சாமானை ஹாஃப் கட்டில் தேடுவது வேஸ்ட். டயர் நட்டை நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தாயா?