ஜவுளிக்கடை ஸ்டாஃப் நிலைக்க மாட்டேங்குறாங்க, என்ன பண்ணலாம்?

நெல்லை_ஃப்ளோர்:
எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலில ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷனுக்கு சூப்பர்வைசரா இருக்கேன். வர்ற பொண்ணுங்க நிலைக்கவே மாட்டேங்குறாங்க, தீபாவளி சீசன் முடிஞ்சதும் பாதி பேர் நின்னுடுறாங்க. சம்பளம் பக்கத்து கடைகளவிட குறைவில்ல. டூர் கூட்டிட்டு போலாமா, மாசாமாசம் பெஸ்ட் ஸ்டாஃப்னு பரிசு குடுக்கலாமான்னு மொதலாளி கேக்குறாரு. எனக்கு என்னமோ அது போதும்னு தோணல. கடையில வேலை பாத்தவங்க சொல்லுங்க.

மதுரை_அக்கா:
தம்பி, டூரெல்லாம் அப்புறம். உங்க செக்‌ஷன்ல உக்கார இடம் இருக்கா? நான் பல வருஷம் சேலை கவுண்டர்ல நின்னவ. காலைல கடை தொறந்தா ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நிக்கணும், ஆடித் தள்ளுபடின்னா இன்னும் லேட்டாகும், கஸ்டமரே இல்லாத மத்தியானத்துல கூட செவுத்துல சாயக்கூடாது, சாஞ்சா கேமராவுல பாத்துட்டு மேல இருந்து ஃபோன் வரும். எனக்கு ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிக்கிச்சு, இப்பவும் ராத்திரி ஆனா வீக்கம். அப்புறம் பாத்ரூம். நாலு மாடிக்கும் சேத்து லேடீஸ் ஸ்டாஃபுக்கு கீழ ஒண்ணே ஒண்ணு, போறதுக்கு ஆம்பள சூப்பர்வைசர்கிட்ட பர்மிஷன் கேக்கணும், பீரியட்ஸ் நேரத்துல எத்தன தடவ போய் கேக்க முடியும்? அதனால தண்ணியே குடிக்க மாட்டோம், எங்க செக்‌ஷன்ல யூரின் இன்ஃபெக்‌ஷன் யாருக்காவது இருந்துக்கிட்டே இருக்கும். அந்தப் பொண்ணுங்க வேலை புடிக்காம போகல தம்பி, உடம்பு தாங்காம போறாங்க.

உழைப்பாளி:
அக்கா சொன்னதுல பாதி சட்டத்துலயே இருக்கு. நம்ம ஊரு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல 22-ஏ ன்னு ஒரு பிரிவ 2021ல சேத்தாங்க, அமைச்சர் சி.வி.கணேசன் அந்த செப்டம்பர்ல மசோதா கொண்டுவந்தாரு. எல்லா ஸ்டாஃபுக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கெடச்சா உக்காரலாம், அவ்ளோதான் விஷயம். கேரளாவுல 2018லயே வந்துருச்சு, அதுக்கு கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைகள்ல வேலை பாத்த பொம்பளைங்கதான் காரணம், விஜிங்கிறவங்க ஆரம்பிச்ச பெண்கூட்டு அமைப்பு விடாம போராடுச்சு. நம்ம 1947 சட்டத்துல இன்னொண்ணும் பாருங்க, தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, நடுவுல 1 மணி நேரம் இடைவேளை விடணும். சாப்பாட்டுக்கு எவ்ளோ நேரம் விடுறீங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க.

சின்னக்கடை:
எங்க ரெடிமேட் கடையில ஸ்டூல் வாங்கிப் போட்டோம், ரொம்ப நாள் ஒருத்தரும் உக்காரல. உக்காந்தா திட்டு விழும்னு பயம். அப்புறம் நானே கஸ்டமர் இல்லாத நேரத்துல போய் உக்காந்து, நீங்களும் உக்காருங்கன்னு சொன்னப்புறம்தான் பழகுனாங்க. கஸ்டமர் யாரும் குறைஞ்சு போகல. பர்மிஷன் கேட்டுட்டு பாத்ரூம் போறதையும் அப்பவே நிறுத்திட்டோம். ஆளு நிலைக்கிறாங்களா? எங்க கவுண்டர் பொண்ணுங்க இப்ப மூணாவது தீபாவளி பாக்குறாங்க.

நெல்லை_ஃப்ளோர்:
அக்கா, படிச்சதும் மனசு கஷ்டமா ஆயிருச்சு. எங்க கடையிலயும் பாத்ரூம் கதை இதேதான். சட்டத்த பிரிண்ட் எடுத்து மொதலாளிகிட்ட காட்டுறேன், சாப்பாட்டுக்கு ரெண்டு பேட்ச்சா பிரிச்சா ஒரு மணி நேரம் விடலாம்னு தோணுது. ஸ்டூல் எந்த மாதிரி வாங்கலாம், கவுண்டர் உசரத்துக்கா?

மதுரை_அக்கா:
கவுண்டர் உசரம்னா கால் தொங்கும்பா, வலிதான் கூடும். பாதம் தரையில படுற மாதிரி, முதுகு சாய்ஞ்சுக்கிற மாதிரி பாத்து வாங்கு. கவுண்டருக்குப் பின்னாடியே போடு, குடோன்ல போடாத.