வேதித் தொழிலில் மீட்பும் அளவீடும்: ஆலைக்குள் கண்டவை

நொய்யல்கரை (திருப்பூர், சாய ஆலை ஆய்வகம்)

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் சாயம்) ஏற உப்பு வேண்டும். நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை போடுகிறோம். சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும். நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் அந்தக் கழிவு எப்படிக் கெடுத்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாமல் நடத்த முடிந்தால் மட்டுமே ஆலை உண்டு என்றாகிவிட்டது. கருத்தரங்குகளில் சுழற்சிப் பொருளாதாரம் (கழிவை மறுபடி மூலப்பொருளாக்குவது) என்று இன்று பேசப்படுவது எங்கள் ஊருக்கு நீதிமன்றத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

நான் வேலை செய்யும் ஆலையில் கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிகளுக்கும் பிறகு உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகளுக்கும் போகிறது. பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பிவிடும். உப்பெல்லாம் மிஞ்சிய ரிஜெக்ட் நீரில் தங்கும். அதை எவாப்பரேட்டரில் ஆவியாக்கிச் செறிவாக்கிக் குளிரூட்டினால் சோடியம் சல்பேட் படிகமாகப் பிரிகிறது. சுமார் 32 டிகிரிக்குக் கீழே சல்பேட்டின் கரைதிறன் வேகமாக இறங்கும், சோடியம் குளோரைடின் கரைதிறனோ வெப்பநிலைக்கு ஏற்ப அதிகம் மாறாது என்பதால்தான் இரண்டையும் இப்படிப் பிரிக்க முடிகிறது.

உப்பை மீட்பதைவிட, மீட்டதைச் சாய எந்திரத்துக்குள் திரும்ப விடுவதே கடினமாக இருந்தது. சாயமேற்றும் வேலைக்குப் பொறுப்பான டையிங் மாஸ்டர் அதைத் தொடவே மறுத்தார். அவர் மறுப்பில் நியாயமும் இருந்தது. மீட்ட உப்புநீரில் கால்சியமும் மக்னீசியமும் சற்றுக் கூடினாலும் நிறம் மங்கிவிடும். செறிவு மாறினால் ஒரே ஆர்டரின் இரண்டு பேட்ச்கள் இரண்டு நிறத்தில் நிற்கும். காலையில் எடுத்த மாதிரிக்கு ஆய்வக முடிவு வருவதற்குள் அந்தத் தொட்டி காலியாகி வேறு நீர் நிரம்பியிருக்கும். இந்த இடைவெளியை அடைத்ததுதான் டிஜிட்டல் கருவிகள் எங்களுக்குச் செய்த உண்மையான உதவி. இப்போது தொட்டியிலேயே அடர்த்தி, மின் கடத்துதிறன், பி.எச்., கடினத்தன்மை ஆகியவை அளக்கப்படுகின்றன; எந்த பேட்ச்சுக்கு எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு உப்புநீர் போனது என்ற பதிவு சாய ரெசிபியோடு இணைந்துவிடுகிறது; குறைகிற உப்பை மட்டும் டிஸ்பென்சர் சேர்க்கிறது. வரவேற்பறையில் இந்த எண்களைக் காட்டும் பெரிய திரையைத் துணி வாங்க வருபவர்கள் படம் பிடிக்கிறார்கள். மாஸ்டருக்குத் திரை ஒரு பொருட்டில்லை. நிறம் பிசகிய பேட்ச்சை அதன் உப்புநீர் வரை பின்னோக்கித் தேட முடிந்த பிறகுதான் அவர் மீட்ட உப்பை ஏற்றுக்கொண்டார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கடத்துதிறன் மீட்டருக்குச் சல்பேட் எது, குளோரைடு எது என்று தெரியாது. அதற்கு இன்னும் ஆய்வகத்தில் துளித்துளியாகக் கரைசல் சேர்த்து அளக்கும் டைட்ரேஷன்தான் துணை.

மற்ற துறைகளில் இருப்பவர்கள் தாங்கள் பார்த்ததை எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவியாக இருக்கும்.


கருவியறை (ஈரோடு, அளவீட்டுக் கருவிகள் பராமரிப்பு)

நொய்யல்கரை ஐயா சொல்லும் கருவிகளுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகப் பொருத்தப்படும் கருவிகளுக்கும் இடையே ஒரு சுவர் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதிகம் மாசுபடுத்தக்கூடியவை என்று வகைப்படுத்தப்பட்ட 17 தொழில் பிரிவுகளில் கழிவையும் புகையையும் இடைவிடாமல் அளந்து இணையம் வழியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. பல ஆலைகளில் அதை வாசலில் நிறுத்திய காவலராகத்தான் பார்த்தார்கள். உற்பத்திப் பிரிவினர் அந்த எண்களைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஆலையில், பராமரிப்புக்குச் சென்ற எங்களுக்கு வரைபடத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. பி.எச். கோடு பல மணி நேரம் அசையாமல் கிடந்தது. போய்ப் பார்த்தால், உணரி கழிவுநீர்க் கால்வாயில் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு பிளாஸ்டிக் வாளியில், நல்ல தண்ணீரில் மூழ்கியிருந்தது. ஓடுகிற கழிவுநீர் எந்த ஆலையிலும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஏமாற்ற நினைத்தவருக்கு அது தோன்றவில்லை.

இன்னொன்றையும் கவனத்தில் வைக்க வேண்டும். சி.ஓ.டி. (நீரில் உள்ள கரிம மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) என்று திரையில் தெரியும் எண் பெரும்பாலும் நேரடியாக அளந்ததல்ல. புற ஊதாக் கதிரை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துக் கணக்கிட்டது. நிறமும் கலங்கலும் உள்ள நீரில் அந்தக் கணக்கு விலகும். கண்ணாடி முனையில் பாசியும் எண்ணெயும் படிவதைத் துடைக்க ஆள் இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளை மேலே ஏற்றினாலும் அது பொய்யைத்தான் அழகாக வரையும்.


பாலாற்றங்கரை (வாணியம்பாடி)

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் பழையது. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. வழக்கமான குரோம் பதனிடும் முறையில், போடும் குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதத்தைத்தான் தோல் ஏற்கிறது. மீதி நீரோடு போகிறது. அதில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும். தெளிந்த நீரை இறக்கிவிட்டு, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் பதனிடும் உப்பு மறுபடி கிடைக்கும். சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாக ஊக்குவித்துவரும் முறை இது. வேதியியல் எளியதுதான். ஆனால் மீட்ட குரோமில் கொழுப்பும் புரதமும் கலந்திருந்தால் வெளிர் நிறத் தோலில் கறை தெரியும் என்பதால், நான் பார்த்த ஆலையில் அதைக் கறுப்புத் தோலுக்கு மட்டுமே பயன்படுத்தினார்கள். டிஜிட்டல் என்று சொல்ல அங்கே ஒரு பி.எச். மீட்டர்தான் இருந்தது. அதன் எலெக்ட்ரோடு பழுதான நாளில் லிட்மஸ் தாளே வேலையை முடித்தது.


வடிகலம் (மருந்து மூலப்பொருள் ஆலை, தரக் கட்டுப்பாடு)

மருந்து மூலப்பொருள் தயாரிப்பில் உள்ளே போகும் பொருள்களின் எடையில் நீரைத் தவிர்த்துப் பார்த்தால், பெரும்பங்கு கரைப்பான்கள்தான். அவற்றை மீட்காத ஆலை விலையில் நிற்க முடியாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் எடையில் சுமார் 12 சதவீத நீர் எஞ்சும் நிலையை எட்டிவிட்டால், அதற்கு மேல் சாதாரணக் காய்ச்சி வடித்தலால் பிரிக்க முடியாது; நீரை மட்டும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு சல்லடைப் படுகையோ வேறு முறையோ வேண்டும். முன்பு ஆபரேட்டர் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் உச்சி வெப்பநிலையைப் பார்த்து, அனுபவத்தால் எந்த இடத்தில் வெட்டி வேறு தொட்டிக்கு மாற்றுவது என்று முடிவு செய்வார். இப்போது குழாயிலேயே அகச்சிவப்பு ஒளியால் இயைபை அளக்கும் கருவி இருக்கிறது; கட்டுப்பாட்டுக் கணினியே வால்வைத் திருப்பிவிடுகிறது. நீராவிச் செலவு குறைந்தது, மீட்பு அளவு கூடியது.

இவ்வளவும் நல்ல செய்தி. ஆனால் மீட்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு 2018 நினைவுக்கு வரும். இரத்த அழுத்தத்துக்கான வால்சார்டன் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் ஐயமுள்ள நைட்ரோசமைன் இருப்பது தெரியவந்து, அந்த ஆண்டு ஜூலை முதல் பல நாடுகளில் அவை திரும்பப் பெறப்பட்டன. டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானிலிருந்து சிறிதளவு உண்டாகும் டைமெத்திலமைன், வினையின் முடிவில் சேர்க்கப்படும் சோடியம் நைட்ரைட்டோடு அமிலச் சூழலில் சேர்ந்ததுதான் மூலக் காரணம். தொடர்ந்து நடந்த ஆய்வுகளில், மீட்கப்பட்ட கரைப்பான்களும் நைட்ரோசமைன் நுழையும் வழிகளில் ஒன்று என்று கட்டுப்பாட்டு அமைப்புகள் சுட்டின. பல இடங்களிலிருந்து வரும் கரைப்பானைப் பொது உலைகளில் சேர்த்துக் காய்ச்சித் திருப்பி அனுப்பும்போது, ஒரு மருந்தின் கழிவு இன்னொரு மருந்தின் மாசாகிவிடுகிறது.

சுழற்சியில் இருக்கும் இயல்பான ஆபத்து இது. வெளியே போகாத நீரில் வெளியே போகாத மாசும் சேர்ந்துகொண்டே வரும். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் கருவி அதைக் காட்டும். கரைப்பானின் தூய்மை 99.5 சதவீதம் என்று திரை சொல்லும்போது, மீதி அரை சதவீதத்தில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. அதனால் எங்கள் ஆலையில் மீட்ட கரைப்பானை அது வந்த அதே தயாரிப்பின் அதே கட்டத்துக்கு மட்டும் திருப்பி அனுப்புகிறோம். எத்தனையாவது சுற்று என்பது ஒவ்வொரு டிரம்மின் பார்கோடிலும் இருக்கும். சுற்று வரம்பைத் தாண்டிய டிரம்மை ஸ்கேன் செய்தால் கணினி வழங்க மறுத்துவிடும். அதைத் தாண்டியவை வெளியே போகின்றன. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் 9ஆம் விதி, ஓர் ஆலையின் கழிவை உரிய அனுமதியோடு இன்னொரு ஆலை மூலப்பொருளாகக் கொள்ள வழி செய்கிறது. பெயின்ட், தின்னர் தயாரிப்பவர்களுக்கு எங்கள் தூய்மை தேவைப்படாது.


முத்துநகர் (தூத்துக்குடி)

உப்பும் கரைப்பானும் மட்டுமல்ல, புகையும் இந்தக் கணக்கில் வரும். இங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்) தயாரிப்பில் பயன்படுத்தும் அமைப்பு 2016இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 60,000 டன் என்பது அதன் திட்டமிட்ட அளவு. அரசு மானியம் இல்லாமல் நிறுவப்பட்டது என்பதால் வெளிநாட்டுச் செய்தித்தாள்களிலும் பேசப்பட்டது. ஆனால் அந்தச் சோடா சாம்பல் கண்ணாடி உலைக்குள் போனதும் அதே வாயு மறுபடி காற்றில் கலந்துவிடும். இதைச் சுழற்சி என்று அழைப்பவர்களோடு எனக்குச் சிறு தகராறு உண்டு. வெளியிலிருந்து வாங்க வேண்டிய வாயு மிச்சம், அவ்வளவுதான்.


நொய்யல்கரை

வடிகலம் எழுதியதைப் படித்தபோது எங்கள் கிடங்குதான் கண்ணில் நின்றது. மருந்து ஆலையில் வரம்பு தாண்டிய டிரம்மை எடுக்கத் தின்னர்காரர் இருக்கிறார். சல்பேட்டைப் பிரித்த பிறகு எங்களுக்கு எஞ்சுவது கலப்பு உப்பு. சல்பேட், குளோரைடு, கரிமப் பொருள், சாய மிச்சம் எல்லாம் சேர்ந்த பழுப்புத் தூள். மழை பட்டால் கரைந்து நிலத்தில் இறங்கும் என்பதால் கூரைக்குக் கீழே மூட்டைகளாக அடுக்குகிறோம். அடுக்க இடம் குறைந்துகொண்டே வருகிறது.

உப்புநீரை இன்னும் சில சுற்றுகள் கூடுதலாக ஓட்டினால் மூட்டைகள் குறையும். ஆனால் கரிமப் பொருள் சேர்ந்து சவ்வு அடைக்கும், நிறமும் பிசகும். குறைவாக ஓட்டினால் எவாப்பரேட்டருக்கு விறகும் மின்சாரமும் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று பார்க்க, தொட்டிப் பதிவுகளையும் பேட்ச் முடிவுகளையும் சேர்த்து ஒரு கணினிக் கணிப்பு மாதிரியைப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலரோடு உருவாக்கி வருகிறோம். அதற்கு வெளிர் நிறங்களின் தரவு போதுமான அளவு இருக்கிறது. கறுப்பு, நேவி நிறங்களின் தரவுதான் குறைவு. உப்பு அதிகம் தின்பவை அவைதான். அந்த நிறங்களை அதிகம் ஓட்டும் ஆலைகளில் யாராவது இருந்தால், வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு உப்புநீர்ப் பதிவுகளை மட்டும் பகிர முடியுமா என்று தெரிவிக்கவும்.